புதுப் பாகம் பூட்டியதும் திரை இருண்டதா? இவற்றைச் செய்யாதீர்கள்

"ஃபேன் சுத்துது, லைற் எரியுது, மொனிற்றரில மட்டும் ஒண்டும் வரேல்ல." யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் திருத்துபவர்களுக்குப் பழகிப்போன முறைப்பாடு இது. விசாரித்தால், முதல்நாள்தான் புது றாமோ (நினைவகம்), திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் காட்டோ பூட்டியிருப்பார்கள்.

உடனே "காட் பழுது" என்று முடிவுகட்டுவதுதான் பெரிய பிழை. கொழும்பு பம்பலப்பிட்டியில் வாங்கி இரவு பஸ்ஸில் வந்த பொருளைத் திருப்பி அனுப்பினால், அங்கே சோதித்துவிட்டு "நல்லாத்தானே வேலை செய்யுது" என்பார்கள். ஒரு கிழமை வீணாகும்.

முதலில் பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். கிராபிக்ஸ் காட் பூட்டிய பிறகும் மொனிற்றர் கேபிள் பழைய இடத்திலேயே, யூஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில், மதர்போர்ட்டில் (எல்லாப் பாகமும் பூட்டும் பெரிய பலகை) செருகியபடி இருக்கும். அது கீழே காட்டில் இருக்கவேண்டும். கொம்பியூட்டரின் மூளையான சிபியுவை மாற்றியவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ரைசன் 5 5600, கோர் ஐ5 12400எஃப் போன்றவற்றுக்குள் படம் தரும் பகுதியே கிடையாது. மதர்போர்ட்டில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதே என்று நம்பினால் விடிய விடிய இருட்டுத்தான். தனிக் காட் வேண்டும்.

மின்சார வயர்களில் அவசரப்படாதீர்கள். காட் பூட்டும் துளை 75 வாற்தான் தரும். அதற்கு மேல் இழுக்கும் காட்டுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் போகவேண்டும். சிபியுவுக்கும் காட்டுக்கும் 8 பின் தலைகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். சிபியுவினுடையது நாலும் நாலுமாகப் பிரியும், காட்டினுடையது ஆறும் இரண்டுமாக. போகாவிட்டால் அமத்தித் தள்ளவேண்டாம். கழற்றிப் பூட்டும் வயர் உள்ள பவர் சப்ளை என்றால், வேறு கொம்பனியின் வயரை அதில் செருகவே கூடாது. தலை பொருந்தினாலும் உள்ளே வரிசை மாறியிருக்கலாம். ஹார்ட் டிஸ்க் கருகியபின் அழுது பயனில்லை.

றாம்தான் அதிகம் ஏமாற்றும். பூட்டியதுபோலத் தெரியும், ஒரு நுனி மட்டும் மயிரிழை உயரத்தில் நிற்கும். கிளிப் "டிக்" என்று விழும்வரை இரு நுனியையும் அமத்துங்கள். நாலு துளை உள்ள மதர்போர்ட்டில் இரண்டு றாம் என்றால், பெரும்பாலும் சிபியுவிலிருந்து இரண்டாவதும் நாலாவதும். அப்படியும் வராவிட்டால் ஒன்றை மட்டும் பூட்டிப் பாருங்கள். பழைய றாமின் பொன்னிறப் பற்கள் மங்கியிருந்தால் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூளைத் தட்டிவிடலாம். வாயால் ஊதவேண்டாம், எச்சில் தெறிக்கும். டிடிஆர்5 வகை றாம் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதல் தடவை றாமைச் சரிபார்க்க மதர்போர்ட் சில நிமிடம் எடுக்கும். அதற்குள் பட்டனை அமத்தி நிறுத்துபவர்கள் ஒவ்வொருமுறையும் பழையபடி தொடங்குகிறார்கள்.

பயோஸையும், அதாவது கொம்பியூட்டரைத் தொடக்கிவைக்கும் மதர்போர்ட்டின் மென்பொருளையும், மறக்கக்கூடாது. ரைசன் சிபியு பூட்டும் பி450 மதர்போர்ட்டுகள் வந்தது 2018 இல், ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில். பழைய பயோஸுக்குப் புது சிபியுவைத் தெரியாது. பழைய சிபியு பூட்டியிருக்கும்போதே பயோஸை அப்டேற் செய்திருக்கவேண்டும், அதுவும் யூபிஎஸ்ஸில் போட்டு. நடுவில் கரண்ட் போனால் போர்ட்டே படுத்துவிடும்.

எதையும் தொடமுன் சுவர் சுவிச்சை நிறுத்தி வயரைக் கழற்றுங்கள். பெட்டி நின்றிருந்தாலும் போர்ட்டில் கொஞ்சம் மின் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு மதர்போர்ட்டிலுள்ள நாணயம்போன்ற 2032 பற்றரியை எடுத்துச் சில நிமிடம் விட்டுப் பூட்டினால் பயோஸின் பழைய செற்றிங் அழியும். பல புதுப் போர்ட்டுகளில் சிபியு, றாம், காட் என்று தனித்தனிச் சின்ன லைற் உண்டு. எதில் நின்றுவிடுகிறதோ அங்கேதான் சிக்கல். மூன்று பாகத்தை ஒன்றாக மாற்றியிருந்தால் பழையதைத் திரும்பப் பூட்டி, ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

அதற்கும் சரிவராவிட்டால் கடைக்குக் கொண்டுபோங்கள், கழற்றிய பழைய பாகங்களோடு. "நான் ஒண்டும் செய்யேல்ல, தானா நிண்டிட்டுது" என்று மட்டும் சொல்லவேண்டாம். திருத்துபவர் பவர் சப்ளையிலிருந்து தேடத் தொடங்குவார், அந்த நேரத்துக்கும் காசு உங்கள் பில்லில்தான் ஏறும்.