வார்ப்பு ஈயக் குண்டுகளுக்கு வீட்டிலேயே மசகு தயாரிக்கும் முறை

அமெரிக்காவில் பழைய கருமருந்துத் துப்பாக்கிகளைக் கொண்டு இலக்குச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களில் பலர், தமக்கு வேண்டிய ஈயக் குண்டுகளைத் தாமே அச்சில் வார்த்துக்கொள்கிறார்கள். அச்சு, உலை, ஈயத்தின் கலவை ஆகியவற்றைப் பற்றிப் புதியவர்கள் நிறையப் படித்துவிட்டே வருகிறார்கள். ஆனால் வார்த்த குண்டின் பள்ளங்களில் எதை நிரப்புவது என்ற இடத்திற்கு வந்ததும், கைக்குக் கிடைத்த கிரீஸைப் பூசிவிட்டு, ஐந்தாறு முறை சுட்ட பிறகு குறி ஏன் சிதறுகிறது என்று தெரியாமல் திகைக்கிறார்கள். அவர்களுக்காகவே, கடையில் எளிதில் கிடைக்கும் மூன்றே பொருள்களைக் கொண்டு மசகு தயாரிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நாம் பேச்சில் குண்டையும் தோட்டாவையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் குண்டு என்பது குழலை விட்டுப் பறந்து செல்லும் ஈயத் துண்டு மட்டுமே. பித்தளை உறை, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருளே தோட்டா. தோட்டாவில் மருந்து நிரப்புவது தனிப் பாடம். அதற்கு அச்சிட்ட கையேடுகளையே நம்ப வேண்டும் என்பதால் அதை இங்கே தொடவில்லை. இந்தியாவிலிருந்து படிப்பவர்கள், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, அமெரிக்கப் படை 1873ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட பாயிண்ட் 45-70 என்ற தோட்டாவை வைத்துக்கொள்வோம். அதன் தொடக்கக்காலக் குண்டின் எடை 405 கிரெயின், அதாவது ஏறத்தாழ 26 கிராம். அதைத் தள்ளும் கருமருந்து 70 கிரெயின். குண்டின் பக்கவாட்டில் வளையம் வளையமாகப் பள்ளங்கள் இருக்கும். மசகு தங்குவதற்கான இடம் அதுதான்.

வழுக்கிக்கொண்டு போவதற்காகத்தான் மசகு என்று எண்ணுவது இயல்பே. கருமருந்தைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த இந்த மருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல், பொட்டாசியம் உப்புகள் நிறைந்த திடக்கசடாகக் குழலுக்குள்ளேயே படிந்துவிடுகிறது. காற்று வறண்டிருந்தால் அந்தக் கசடு ஓடுபோல இறுகி, அடுத்து வரும் குண்டின் மென்மையான ஈயத்தைச் சுரண்டிவிடும். ஆகவே கசடை ஒவ்வொரு சூட்டிலும் இளக்கமாக வைத்திருப்பதே மசகின் தலையாய வேலை. இதைப் புரிந்துகொண்டால், கீழே வரும் அளவுகளை உங்கள் ஊரின் தட்பவெப்பத்திற்கு ஏற்ப நீங்களே மாற்றிக்கொள்ள முடியும்.

தேவையான பொருள்கள்: தூய தேன்மெழுகு 100 கிராம், கிரிஸ்கோ போன்ற தாவரக் கொழுப்பு 80 கிராம், கனோலா எண்ணெய் 20 கிராம். பங்காகச் சொன்னால் ஐந்து, நான்கு, ஒன்று. கருமருந்துச் சுடுநர்களிடையே நெடுங்காலமாகப் புழங்கிவரும் அளவு இது. கிரிஸ்கோ 1911ஆம் ஆண்டில் பருத்திவிதை எண்ணெயிலிருந்து செய்து விற்பனைக்கு வந்த சமையல் கொழுப்பு. அது கிடைக்காத இடத்தில் நீரும் உப்பும் சேராத எந்த வனஸ்பதியும் உதவும். உப்பிட்ட வெண்ணெயையும் மார்கரினையும் தொடவே கூடாது. அவற்றிலுள்ள உப்பு குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆட்டுக்கொழுப்பை உருக்கிச் சேர்ப்பவர்களும் உண்டு. அதுவும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் உருக்கும்போது வீடு முழுவதும் எழும் வாடையை வீட்டிலுள்ளவர்கள் மன்னிக்க வேண்டும்.

இந்தக் கூட்டு நமக்குப் புதியதன்று. 1857ஆம் ஆண்டில் என்பீல்டு துப்பாக்கியின் தோட்டாக் காகிதத்தில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் பூசியிருப்பதாகச் சிப்பாய்களிடையே பரவிய செய்தி எங்கே கொண்டுபோய் விட்டது என்பது தெரிந்ததே. அன்று அந்தக் காகிதத்தின் மீது பூசப்பட்டதும் இதே வேலைக்கான மசகுதான்.

கருவிகளாக, கிராம் கணக்கில் காட்டும் மின்னணுத் தராசு, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு பாத்திரங்கள், அவற்றுக்குப் பொருந்தும் மூடி, வெப்பமானி, கிளறுவதற்கு ஒரு மரக்குச்சி, தட்டையான பழைய கேக் தட்டு ஆகியவை போதும். ஈயம் பட்ட தட்டும் குச்சியும் மீண்டும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. அவற்றின் மீது பெரிதாகக் குறியிட்டுத் தனியே வைத்துவிடுவது நல்லது.

முதல் வேலை மெழுகைச் சுத்தம் செய்வது. தேன் வளர்ப்பவரிடம் நேரடியாக வாங்கிய மெழுகில் தேனீயின் சிறகுத் துணுக்குகளும் தூசியும் இருக்கும். அதை வெந்நீரில் இட்டு உருக்கி ஆறவிட்டால், மெழுகு மேலே தட்டாக இறுகி, அழுக்கு அதன் அடிப்பக்கம் ஒட்டிக்கொள்ளும்; அதைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, மெழுகின் ஈரம் முற்றிலும் காயும்வரை வைத்திருக்க வேண்டும். சுத்திகரித்த வில்லைகளாக வாங்கியவர்கள் இதை விட்டுவிடலாம்.

அடுத்து உருக்குதல். மெழுகுப் பாத்திரத்தை நேரடியாக அடுப்பின் மீது வைக்காமல், கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைக்க வேண்டும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். 85 டிகிரியைத் தாண்டினால் நிறம் கறுக்கத் தொடங்கும். நேரடித் தீயில் அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அதன் ஆவி தீப்பற்றிக்கொள்ளும். நீர் கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். எனவே நீருக்குள் வைத்த மெழுகு அதற்கு மேல் சூடாக வழியில்லை. இந்த எளிய ஏற்பாட்டைத் தவிர்த்துவிட்டு, அவசரத்தில் மெழுகை நேரே மின்னடுப்பில் வைத்த என் முதல் முயற்சி பழுப்பு நிறத்தில் புகைந்து முடிந்தது. தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல், மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும். ஈயம் உருக்கும் உலை இருக்கும் மேசையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. உருகிய ஈயத்தில் ஒரு துளி நீர் விழுந்தாலும் அது வெடித்துத் தெறிக்கும்.

மெழுகு முழுவதும் உருகிய பிறகு கொழுப்பைச் சேர்த்து, அது கரைந்ததும் எண்ணெயை ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் நிதானமாகக் கிளற வேண்டும். பின்பு ஒரு துளியைக் குளிர்ந்த தட்டில் விட்டு ஆறவைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பொடியாக உதிர்ந்தால் எண்ணெய் குறைவு. விரலில் வழிந்தால் மெழுகு குறைவு. பிசைந்த களிமண்போல அமுங்கி விரலில் மெல்லிய படலமாகப் படிந்தால் பதம் சரி. அளவைவிட இந்தப் பதத்தையே நான் நம்புகிறேன், ஏனென்றால் மெழுகின் தன்மை இடத்துக்கு இடம் சற்று மாறும்.

இனி வருவதுதான் பொறுமையைக் கேட்கும் கட்டம். குண்டுகளைக் கேக் தட்டில் அடிப்பாகம் கீழே இருக்கும்படி, ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். குண்டுகள் குளிர்ந்திருந்தால் அவற்றைத் தொட்டவுடனே மசகு உறைந்து, பள்ளத்தில் பிடிக்காமல் விலகி நிற்கும். ஆகவே தட்டோடு சேர்த்து வெந்நீரின் மேல் சிறிது நேரம் வைத்து, கை பொறுக்கும் அளவுக்கு வெதுவெதுப்பாக்கிக்கொள்வது நல்லது. தட்டு சிறிதும் சாயாமல் சமமாக இருக்க வேண்டும். உருகிய மசகைக் குண்டுகளின் தலைமீது ஊற்றாமல், தட்டின் ஓரமாக மெல்ல ஊற்றி, மேல் பள்ளம் மூழ்கும் உயரத்திற்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

எப்போது குண்டுகளை எடுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மசகு ஒளி ஊடுருவாமல் வெளிறி, ஆனால் இன்னும் நகம் எளிதாகப் பதியும் நிலையில் இருக்கும்போது எடுக்க வேண்டும். முழுதும் இறுகிய பிறகு எடுத்தால் பள்ளத்திலிருந்த மசகு துண்டு துண்டாகப் பிய்ந்துவிடும். குண்டின் விட்டத்திற்கு மிக நெருக்கமான உள்விட்டமுடைய, அடி அறுத்த பித்தளை உறை ஒன்றைக் குண்டின்மீது இறக்கி அழுத்தினால், பள்ளம் நிறைந்த குண்டு அழகாக வெட்டுப்பட்டு வெளியே வரும். எங்காவது பள்ளம் நிரம்பாமல் போயிருந்தால் கவலைப்பட வேண்டாம். அந்தக் குண்டை அதே குழியில் திரும்ப வைத்து, தட்டைச் சூடாக்கி மறுபடி ஆறவிட்டால் போதும். குண்டின் அடிப்பாகத்தில் ஒட்டிய மசகை மட்டும் துணியால் துடைத்துவிட வேண்டும். அது மருந்தோடு கலந்தால் மருந்து கெடும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் எதையும் உண்ணக் கூடாது.

மசகு போதுமா என்பதைச் சுடுகளத்தில் குழல்வாயே சொல்லிவிடும். சில சூடுகளுக்குப் பிறகு குழல்வாயின் விளிம்பைச் சுற்றிப் பிசுபிசுப்பான நட்சத்திர வடிவம் தெரிந்தால், மசகு குழலின் கடைசி அங்குலம்வரை தாக்குப்பிடித்திருக்கிறது என்று பொருள். அந்த நட்சத்திரம் இல்லாமல், குழலின் முன்பகுதியில் கசடு வறண்டு சொரசொரப்பாக இருந்தால், பாதி வழியிலேயே மசகு தீர்ந்துவிட்டது. நியூ மெக்சிகோவின் ராடன் நகரருகே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் இருக்கும் விட்டிங்டன் மையத்தில் கருமருந்துப் போட்டிகள் நடக்கின்றன. அந்த வறண்ட மேட்டுக்காற்றில் இந்த மசகு தனியே போதாமல் போகலாம். அப்படிப்பட்ட இடங்களில் சுடுநர்கள், தோட்டா இல்லாத குழலின் பின்புறத்தில் ஒரு சிறு குழாயைப் பொருத்தி, மூன்று நான்கு முறை மூச்சை ஊதுவார்கள். மூச்சின் ஈரம் கசடை இளக்கும். எண்ணெயின் பங்கைச் சற்றுக் கூட்டுவதும் உதவும். கோடையில் தோட்டாப் பெட்டியிலேயே மசகு கசிந்தால் மெழுகைக் கூட்ட வேண்டும்.

மிஞ்சிய மசகை மஃபின் அச்சில் ஊற்றி வில்லைகளாக்கி, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்ந்த இடத்தில் வைத்தால் அடுத்த முறை உருக்க வசதியாக இருக்கும். தாவர எண்ணெய் நாளடைவில் சிக்கடித்துவிடும் என்பதால், ஒரு பருவத்திற்கு வேண்டியதை மட்டும் செய்துகொள்வதே என் வழக்கம். புகையற்ற மருந்தில் சுடுபவர்களுக்கு இந்த மசகு ஏற்றதன்று. அவர்களுக்குக் கசடு சிக்கலில்லை. குழலில் ஈயம் ஒட்டிக்கொள்வதே சிக்கல். அதற்குத் தேன்மெழுகையும் ஆலாக்ஸ் என்ற பெட்ரோலியப் பொருளையும் சரிபாதியாகக் கலந்த மசகே பல பத்தாண்டுகளாக வழக்கில் இருக்கிறது.