இறப்பு சான்றிதழ் வாங்குறது எப்படி? பேர் விஷயத்துல மட்டும் உஷாரா இருங்க

மாமனார் தவறினப்போ பேப்பர் வேலை மொத்தமும் என் தலையில விழுந்துச்சு. அதுலேர்ந்து சொந்தத்துல யார் வீட்ல துக்கம்னாலும் காரியம் முடியுறதுக்குள்ள எனக்கு போன் வந்துடுது, "மாப்ள, டெத் சர்டிபிகேட்டுக்கு எங்க போகணும்?"னு. இங்க எழுதி வச்சுட்டா லிங்க்கை அனுப்பிட்டு போயிடலாம்ல, அதான். இது தமிழ்நாட்டு நடைமுறை.

1. எந்த ஆபீஸ்?

சொந்த ஊர் எதுங்கிறது கணக்கே இல்ல. உயிர் எங்க பிரிஞ்சுச்சோ அந்த எல்லைக்குள்ள இருக்குற ஆபீஸ்லதான் பதிவு. மாமனாருக்கு ஊர் சிவகங்கை பக்கம், ஆனா போனது மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில, அதனால மதுரை மாநகராட்சி. ஊர் விஏஓகிட்ட போய் நின்னா அவர் கையை விரிச்சுடுவார், அவரைத் திட்டி புண்ணியமில்ல. கிராமத்துல வீட்லயே இறந்திருந்தாதான் விஏஓ. டவுன்னா நகராட்சி, மாநகராட்சி சுகாதாரப் பிரிவுல கேளுங்க. ஆம்புலன்ஸ்ல போறப்ப வழியில உயிர் போயிருந்தா, வண்டி முதல்ல எங்க நின்னுச்சோ அந்த இடம்தான் கணக்கு.

2. யார் சொல்லணும்?

ஆஸ்பத்திரின்னா அவங்களே அனுப்பிடுவாங்க. வீட்ல இறந்தா நாமதான் சொல்லணும், 21 நாளுக்குள்ள சொன்னா பைசா கிடையாது. இறந்தவரோட ஆதார், சொல்றவரோட ஆதார், மயானத்துல குடுத்த ரசீது, வழக்கமா பாத்த டாக்டர்கிட்ட வாங்குன லெட்டர், இது நாலும் கையில இருந்தா அலைச்சல் இல்ல. அந்த மயான ரசீதை எவனாச்சும் சட்டைப் பையில வச்சுட்டு அப்படியே துணி தொவைக்கப் போட்டுடுவான், உடனே வாங்கி போட்டோ எடுத்து வச்சிடுங்க.

3. பேர், பேர், பேர்

இந்த போஸ்ட்டே இதுக்காகத்தான். ஆஸ்பத்திரியில ஒரு ஃபார்ம் எழுதுவாங்க, அதுல இருக்குறதுதான் நாளைக்கு சான்றிதழ்ல வரும். ஆனா அந்த ஃபார்முக்குப் பேர் எங்கேர்ந்து வருதுன்னு நினைக்கிறீங்க? அட்மிஷன் போட்டப்ப சொன்ன பேர்லேர்ந்து. ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு வாங்குற மனுசனைத் தூக்கிட்டு ஓடுறப்ப கூட போன பையன் வீட்ல கூப்பிடுற பேரைத்தான் சொல்லுவான். ஆதார்ல ராஜமாணிக்கம்னு இருக்கும், அவன் ராஜான்னு சொல்லியிருப்பான், பில்லுலேர்ந்து எல்லாத்துலயும் ராஜாதான். எங்களுக்கும் இதேதான் நடந்துச்சு, பாடியை எடுக்குறப்ப ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குனாங்க, அதுல பேரைச் சரி பாருங்கன்னு அங்க யாரும் வாயைத் திறக்கல.

அதனால, அழுகைக்கு நடுவுல கேக்க கஷ்டமாத்தான் இருக்கும், இருந்தாலும் கொஞ்சம் நிதானமா இருக்குற ஒருத்தரை, மருமகனோ மச்சானோ யாரோ, அந்த டெஸ்க்ல நிறுத்துங்க. ஆதார் போட்டோவை போன்ல வச்சுக்கிட்டு அந்த ஃபார்மைக் காட்டச் சொல்லுங்க. பாக்க வேண்டியது:

- பேர், இனிஷியல், தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். சண்முகத்துல ஒரு ஹெச் விட்டுப்போனா பேங்க்ல அதையும் பிடிச்சுக்குவாங்க.
- அப்பா அல்லது கணவர் பேர், அம்மா பேர். இறந்தவரோட அம்மா பேர் பல வீட்ல யாருக்குமே தெரியாது. எங்க வீட்ல எல்லாரும் "அப்பத்தா"ன்னே கூப்பிட்டுப் பழக்கம், கடைசியில ஒரு பழைய பத்திரத்தைப் புரட்டித்தான் கண்டுபிடிச்சோம்.
- ரெண்டு அட்ரஸ்: இறந்தப்போ இருந்தது, நிரந்தரமானது. அவசரத்துல மகனோட சிட்டி அட்ரஸை ரெண்டுலயும் போட்டுடுவாங்க. அப்புறம் ஊர் தாலுகாவுல வாரிசு சான்றிதழுக்குப் போறப்ப "இவர் இந்த ஊர்க்காரர்தானா?"ன்னு கேள்வி வரும்.

பதிவுக்கு முன்னாடின்னா பேனாவால அடிச்சுத் திருத்திடலாம், ரெண்டு நிமிஷ வேலை. பதிவானதுக்கு அப்புறம்னா அதே ஆபீஸ்ல மனு, ஆதார், ரேஷன் கார்டு, பழைய ஆவணம், சில கேஸ்ல விவரம் தெரிஞ்ச ரெண்டு பேர் எழுத்துல உறுதி குடுக்கணும். பழைய பதிவை அழிக்க மாட்டாங்க, ஓரத்துல திருத்தம்னு எழுதி தேதி போட்டுக் கையெழுத்து போடுவாங்க. முடியாத காரியம் இல்ல, ஆனா நாய் அலைச்சல்.

4. டவுன்லோடு

பதிவு ஏறினதும் தமிழ்நாடு அரசோட சிஆர்எஸ்டிஎன் டாட் ஆர்க் (crstn.org) சைட்ல எடுத்துக்கலாம். சென்னைன்னா மாநகராட்சிக்குத் தனி சைட். கூகுள்ல தேடி முதல்ல வர்றதை கிளிக் பண்ணாதீங்க, அரசாங்க சைட் மாதிரியே போலி சைட் இருக்கு. சான்றிதழ்ல உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி, அரசாங்க சைட்தான் திறக்குதான்னு ஒரு தடவை பாத்துடுங்க.

பிரிண்ட் எடுக்க லேசர்தான் என் சிபாரிசு. இங்க்ஜெட்ல எடுத்தா ஈரக் கை பட்டு க்யூஆர் கலங்கிடும், கவுண்டர்ல ஸ்கேன் ஆகாது. லேமினேட் வேண்டவே வேண்டாம். ஒரு அஞ்சாறு எடுத்து பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டு வைங்க, பிடிஎஃப்பை குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க. பேங்க், எல்ஐசி, பென்ஷன், பட்டா, ஈபி, கேஸ் கனெக்ஷன்னு எல்லாத்துக்கும் இதேதான்.

இன்னொன்னு, சான்றிதழ்ல எதனால இறந்தார்னு இருக்காது. சட்டமே அதைப் போடக்கூடாதுன்னு சொல்லுது. ஆனா இன்சூரன்ஸ்காரன் முதல்ல கேக்குறதே அதைத்தான். அதனால டாக்டர் எழுதுற காரணச் சான்றை ஆஸ்பத்திரியிலயே கேட்டு வாங்கிக்கோங்க. 2023ல வந்த சட்டத் திருத்தத்துப்படி நெருங்கின சொந்தத்துக்கு ஒரு காப்பி குடுத்தாகணும். அந்தப் பேப்பரையே இறப்பு சான்றிதழ்னு நினைச்சு பேங்குக்கு எடுத்துட்டுப் போறவங்களும் இருக்காங்க, ரெண்டும் வேற வேற.

அப்டேட் 1: 21 நாள் தாண்டிடுச்சே என்ன பண்றதுன்னு நெறைய பேர் கேட்டிருந்தீங்க. 30 நாள் வரைக்கும் லேட் ஃபீஸ் கட்டினா போதும். அதுக்கு மேல ஒரு வருஷத்துக்குள்ளன்னா மேலதிகாரி அனுமதி வேணும். வருஷம் தாண்டிட்டா ஆர்டிஓ உத்தரவு (வண்டி ஆபீஸ் இல்ல, வருவாய் கோட்டாட்சியர்).

அப்டேட் 2: "தாத்தா 1980கள்ல இறந்தார், பட்டா இன்னும் அவர் பேர்ல இருக்கு, பதிவு பண்ணாங்களான்னே தெரியல"ன்னு ஒரு அக்கா கமெண்ட் போட்டிருந்தாங்க. அக்கா, நேரா ஆர்டிஓகிட்ட போகாதீங்க. முதல்ல அந்த ஊர்ப் பதிவேட்டைத் தேடச் சொல்லி மனு குடுங்க, வருஷம் சரியா தெரியலைன்னா முன்ன பின்ன ரெண்டு மூணு வருஷம் சேத்துத் தேடச் சொல்லுங்க, வருஷக் கணக்குலதான் ஃபீஸ். இருந்தா சான்றிதழ் கிடைச்சிடும். இல்லன்னா "பதிவு இல்லை"ன்னு எழுத்துல தருவாங்க, அதை வச்சுத்தான் ஆர்டிஓகிட்ட மனு போடணும். கல்லறைக் கல்லுல தேதி வெட்டியிருந்தா, பழைய கருமாதி பத்திரிகை எதுவும் பீரோவுல கிடந்தா, அதையும் சேத்து வைங்க.