பெடல் உதைக்கிறதா? செயினைத் திட்டும் முன்

வேரும் கல்லுமாகக் கிடக்கும் இறக்கத்தில் மவுன்டன் பைக்கின் பெடல் காலை உதைக்கிறது என்று சொன்னால் போதும், "ஓசெயின் மாட்டு" என்று உடனே பதில் வந்துவிடும். ஓசெயின் என்பது பெடல் கைக்கும் முன் பல்சக்கரத்துக்கும் நடுவே மாட்டும், கொஞ்சம் சுழன்று கொடுக்கிற மிதக்கும் ஸ்பைடர். மாட்டிய பிறகும் உதை நிற்கவில்லை என்றால் அடுத்து ஹப்பை (பின் சக்கரத்தின் நடுப்பாகம்) மாற்றுவார்கள். கடைசியில் பார்த்தால் பின் டயரில் தேவைக்கு மேல் 32 பிஎஸ்ஐ காற்று இருக்கும்.

செயின் இழுப்பதால் பெடலில் வரும் இந்த உதைக்குக் கிக்பேக் என்று பெயர். அது என்ன என்று ஒரு பத்தியில் முடித்துவிடலாம். பெரும்பாலான ஃபுல் சஸ்பென்ஷன் (முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள) சைக்கிள்களில் பின் சக்கரம் மேலே எழும்போது பாட்டம் பிராக்கெட்டுக்கும் (பெடல்கள் சுழலும் அச்சு) பின் ஆக்ஸிலுக்கும் (பின் சக்கர அச்சு) இடையே உள்ள தூரம் கூடுகிறது. அந்தக் கூடுதல் நீளத்தை மேல்பக்கச் செயின் எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) முன்னோக்கிச் சுழன்று கொடுத்தால் காலுக்கு ஒன்றும் தெரியாது. கேசட்டால் கொடுக்க முடியாதபோது செயின்ரிங் (முன் பல்சக்கரம்) பின்னோக்கி இழுபடும், கிராங்க்கும் (பெடல் கை) கூடவே போகும். 32 பல் செயின்ரிங்கின் ஆரம் ஏறத்தாழ 65 மி.மீ. செயின் 25 மி.மீ. நீண்டால் ரிங் 22 டிகிரி பின்னால் திரும்பும். 170 மி.மீ. கிராங்க்கின் நுனியில் அது ஆறரை சென்டிமீட்டர் நகர்வு. சின்ன விஷயமில்லை. ஆனால் எல்லா நேரமும் நடக்கும் விஷயமும் இல்லை.

செயினை எண்ணெயிட்டுச் சுத்தமாக வைப்பது, போல்ட்டை முறுக்குவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் தெரிந்திருக்கும்.

ஹார்ட்டெயிலுக்கு மருந்து தேடுவது

ஹார்ட்டெயிலில் (பின் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிள்) பின் ஆக்ஸில் நகராது. நகராத இடத்தில் செயின் நீளாது. டயர் காற்றைக் குறையுங்கள்.

நோய் என்னவென்று பார்க்காமல் மருந்து வாங்குவது

இந்தத் தவறுதான் இன்றைக்கும் எரிச்சலூட்டுகிறது. காரணம், இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. செயினைக் கழற்றிவிட்டு ஒரு முறை இறங்கிப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அந்த அரை மணி நேரத்தை ஒதுக்காமல், ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைப் பாகங்களில் கொட்டுகிறார்கள்.

முதலில் கால் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். பெடலைக் கிடைமட்டமாக வைத்து நின்றபடி இறங்கும்போது உண்மையான கிக்பேக் வந்தால் கிராங்க் பின்னோக்கிச் சுழலும். அதாவது முன் கால் மேலே தள்ளப்படும், பின் கால் கீழே இறங்கும். இரண்டு கால்களும் எதிரெதிர்த் திசையில் போகும். இரண்டும் ஒரே நேரத்தில் மேலே அடி வாங்கினால் அது செயின் செய்த வேலை இல்லை. டயர், ஷாக், ரீபவுண்ட் (அமுங்கிய ஷாக் மீண்டும் எழும் வேகம்) மூன்றில் ஒன்றுதான் காரணம். ரீபவுண்டை அதிகம் மெதுவாக்கி வைத்தால் அடுத்தடுத்த வேர்களில் ஷாக் எழுந்திருக்க நேரமில்லாமல் அமுங்கிக்கொண்டே போகும். நான்காவது வேரில் மிச்சமிருப்பது வெறும் கட்டை மட்டுமே. இதைக் கிக்பேக் என்று நினைத்துக் கடைக்கு ஓடுபவர்கள் ஏராளம்.

அடுத்தது, உங்கள் சைக்கிளில் கிக்பேக் அதிகபட்சம் எவ்வளவு என்று வீட்டிலேயே அளப்பது. ஷாக்கில் எத்தனை பிஎஸ்ஐ இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுங்கள், இடையிடையே சைக்கிளை அமுக்கி எழவிடுங்கள். ஒரேயடியாக விட்டால் நெகட்டிவ் அறையில் காற்று மிஞ்சி ஷாக் அமுங்கியபடியே நின்றுவிடும். காயில் ஷாக் என்றால் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். செயினைக் கேசட்டின் பெரிய பல்லுக்கு, அதாவது அதிகப் பற்கள் உள்ள வட்டுக்குக் கொண்டுபோய், பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஃப்ரீஹப் (மிதிக்கும்போது மட்டும் சக்கரத்தைப் பிடிக்கும் பகுதி) பிடிக்கும் வரை பெடலை மெதுவாக முன்னால் தள்ளுங்கள். இப்போது செயின்ரிங்கின் ஒரு பல்லில் வெள்ளை பெயின்ட் மார்க்கரால் புள்ளி வையுங்கள், அதற்கு நேராக ஃப்ரேமிலும் டேப் ஒட்டி ஒரு கோடு போடுங்கள். பிறகு சீட்டை அமுக்கி ட்ராவல் (சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம்) முழுவதையும் கீழே இறக்குங்கள். 32 பல் ரிங்கில் ஒரு பல் நகர்ந்தால் 11.25 டிகிரி. புள்ளி இரண்டு பல் தள்ளிப் போயிருந்தால் 22.5 டிகிரி. இதையே நடுப் பல்லிலும் கடைசிப் பல்லிலும் செய்து பாருங்கள், பல் சிறிதாகச் சிறிதாக எண் குறையும். ஒரு பல்கூட நகராத சைக்கிளுக்கு 12 டிகிரி மிதக்கும் ஸ்பைடர் எதற்கு?

பிறகுதான் செயின் இல்லாத ஓட்டம். குயிக் லிங்க்கைப் பிளையரால் திறந்து செயினை எடுத்துவிடுங்கள். கியர் மாற்றும் டீரெய்லரின் கேஜ் (செயினை இழுத்துப் பிடிக்கும் தொங்கும் கை) ஆடாதபடி ஒரு கேபிள் டையால் ஃப்ரேமோடு கட்டுங்கள், ஸ்போக்கில் சிக்கிவிடக் கூடாது. மிதிக்கத் தேவையில்லாமல் உச்சியிலிருந்து தானாக உருளக்கூடிய, நன்றாகப் பழகிய இறக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அதே டயர் காற்று, அதே பாதைக்கோடு. செயினோடு இரண்டு முறை, செயின் இல்லாமல் இரண்டு முறை. 12 ஸ்பீடு குயிக் லிங்க்கை ஒரு முறை திறந்தால் புதிது போடச் சொல்வார்கள் தயாரிப்பாளர்கள், ஆகவே பையில் கூடுதலாக ஒன்று இருக்கட்டும்.

இந்தச் சோதனையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. செயின் இல்லாத சைக்கிள் அமைதியாக ஓடும். அமைதியை மென்மை என்று காது காலுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். அதனால் ஐந்தாவதாக ஒரு ஓட்டம் போடுங்கள். செயினை மாட்டி, செயின்ஸ்டேயின் (செயினை ஒட்டி ஓடும் ஃப்ரேம் குழாய்) மேலும் உள்பக்கமும் தடித்த ரப்பர் மாஸ்டிக் டேப்பைச் சுற்றி, சத்தத்தை மட்டும் குறைத்து ஓட்டுங்கள். இதிலேயே பெடல் மென்மையாகிவிட்டதுபோல் தோன்றினால் உங்களைத் துன்புறுத்தியது சத்தம்தான். டேப் விலையோடு கதை முடிந்தது.

செயின் இல்லாமல் ஓட்டுவது என்றதும் 2015-இல் ஆஸ்திரியாவின் லியோகாங் டவுன்ஹில் உலகக் கோப்பையில் ஏரன் க்வின் செய்ததை எடுத்துக்காட்டுவார்கள். தொடக்கத்திலேயே செயின் அறுந்தும் அவர் முதலிடம் பிடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு நார்வேயின் ஹஃப்யெல் உலக சாம்பியன்ஷிப்பில் நெகோ முலாலியும் அப்படியே செயின் அறுந்து நான்காவதாக வந்தார். இரண்டும் உண்மை. ஆனால் செயின் இல்லாவிட்டால் வேகம் கூடும் என்பதற்கு இவை சான்று ஆகாது. மிதிக்க முடியாதவர் வேகத்தைக் காப்பாற்றப் பிரேக்கைத் தொடாமல் ஓட்டுவார், அதன் பலனும் அந்த நேரத்தில் கலந்திருக்கிறது. உங்கள் சோதனையிலும் இது நடக்கும். பிரேக் பிடிக்கும் இடங்களை முன்பே முடிவு செய்துகொண்டு இறங்குங்கள்.

கடைசிப் பல்லில் இறங்குவது

ஏறி முடித்ததும் செயினை 10 பல்லில் போட்டுவிட்டு இறங்குவது புதியவர்களின் வழக்கம். கிக்பேக்குக்கு இதைவிட நல்ல அழைப்பு கிடையாது.

பெடலை நிறுத்தி உருளும்போது கேசட் நின்றிருக்கும், சக்கரம் மட்டும் ஓடும். செயின் இழுத்தால் கேசட் முன்னோக்கிச் சுழலலாம், ஆனால் சக்கரத்தின் வேகம் வரைதான். அதைத் தாண்டப் பார்த்தால் ஃப்ரீஹப் பிடித்துவிடும், உதை காலுக்கு வரும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 29 அங்குலச் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 10 பல்லில் இருக்கும் செயின் நொடிக்குச் சுமார் 30 செ.மீ. வரை தடையில்லாமல் முன்னால் ஓடலாம். 21 பல்லில் அது 64 செ.மீ., 50 பல்லில் ஒன்றரை மீட்டர். இப்போது ஒரு கூர்மையான வேரில் மோதி ஆக்ஸில் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் எழுகிறது, 150 மி.மீ. ட்ராவலுக்கு உங்கள் செயின் 20 மி.மீ. நீளும் என்று வைத்துக்கொள்வோம். செயின் கேட்கும் வேகம் நொடிக்கு 40 செ.மீ. 10 பல்லில் உதை விழும். 21 பல்லில் விழாது. அதே சைக்கிள், அதே வேர்.

பெரிய பல்லில் கிக்பேக் கோணம் கூடுதல் என்று அளந்தோமே என்று கேட்கலாம். அது சக்கரம் நின்றிருக்கும்போது எடுத்த அளவு. சக்கரம் ஓடும்போது அந்தக் கோணம் பெரும்பாலும் காலை எட்டுவதே இல்லை. 10-50 கேசட்டில் 18, 21, 24 பற்களில் ஒன்றில் இறங்குங்கள். கேஜும் நன்றாக இழுபட்டு நிற்கும், செயின் ஆட்டமும் குறையும்.

பின் சக்கரத்தைப் பூட்டுவது

பூட்டிய சக்கரத்துக்குச் சுழல் வேகம் பூஜ்யம். மேலே போட்ட கணக்கு முழுவதும் அப்போது வீண், நீங்கள் வீட்டில் அளந்த முழுக் கோணமும் காலில் இறங்கும். பெரிய பல்லில், செங்குத்தான வேர்ப்படியில், பிரேக்கைப் பூட்டி வழுக்குவதுதான் ஆக மோசமான நிலை. வேருக்கு முன்னால் பிரேக் பிடித்து முடித்துவிட்டு, வேரின் மேல் சக்கரத்தை உருளவிடுங்கள்.

கிளட்ச்சை மறப்பது, கிளட்ச்சை முறுக்குவது

ஷிமானோ டீரெய்லரில் கிளட்ச்சுக்கு (கேஜ் ஆடாமல் இறுக்கிப் பிடிக்கும் பாகம்) ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். சக்கரத்தைக் கழற்ற அதை அணைத்தவர்கள் திரும்பப் போட மறந்துவிடுவார்கள். மாதக்கணக்கில் அணைந்தே கிடக்கும் கிளட்ச்கள் உண்டு. கேஜைக் கையால் முன்னால் இழுத்துப் பாருங்கள், வெண்ணெயில் கத்தி போவதுபோல் வந்தால் கிளட்ச் வேலை செய்யவில்லை. அணைந்த கிளட்ச்சில் கீழ்ச் செயின் அலையடித்துச் செயின்ரிங்கைச் சுண்டிச் சுண்டி இழுக்கும். பலர் கிக்பேக் என்று புகார் செய்வது இந்தச் சுண்டலைத்தான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. செயின் மேலே நீள வேண்டுமென்றால் கேஜ் முன்னால் வந்து செயினைக் கொடுக்க வேண்டும். கிளட்ச்சை இறுக்கிக்கொண்டே போனால் கேஜ் கொடுக்க மறுக்கும், அந்த மறுப்பும் பெடலில் தெரியும், கியர் நெம்புகோலும் கனக்கும். செயின் துள்ளாத அளவுக்கு இறுக்கினால் போதும்.

ஆட்டம் நிற்கச் செயினை வெட்டுவது

ஃபுல் சஸ்பென்ஷனில் செயின் நீளத்தை ஷாக் முழுதும் அமுங்கிய நிலையில், பெரிய ரிங், பெரிய பல்லில் சுற்றித்தான் முடிவு செய்ய வேண்டும். சில சைக்கிள்களில் நடு ட்ராவலில் நீளம் அதிகமாகலாம், மெதுவாக அமுக்கி எங்கே அதிகம் என்று பாருங்கள். சைக்கிள் நிற்கும் நிலையில் அளந்து, "கொஞ்சம் தொங்குகிறதே" என்று ஒரு ஜோடி லிங்க்கைக் கூடுதலாக எடுத்துவிட்டால், முதல் பெரிய குதிப்பில் பெரிய பல்லில் இருந்தீர்களானால் டீரெய்லர் ஹேங்கரோடு பிய்ந்து வரும்.

நிறையப் பிடிப்புப் புள்ளி, குறைந்த பிடிப்புப் புள்ளி

ஒரு சுற்றில் ஹப் பிடிக்கக்கூடிய இடங்கள்தான் பிடிப்புப் புள்ளிகள். குறைந்த புள்ளி உள்ள ஹப் போட்டால் கிக்பேக் போய்விடும் என்பது பாதி உண்மை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 10 டிகிரி உள்ள ஹப்பின் இடைவெளி கிராங்க்கில் எவ்வளவு என்பது கியரைப் பொறுத்தது. 32 பல் ரிங்கோடு 50 பல்லில் 15.6 டிகிரி, 21 பல்லில் 6.6, 10 பல்லில் வெறும் 3.1. அதுவும் அதிகபட்சம். வேர் வரும் நேரத்தில் ஹப்பின் ராட்செட் (பிடிக்கும் பல்) எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்துப் பூஜ்யமாகவும் இருக்கலாம். உறுதியான இடைவெளி வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த ஹப் வேண்டும். டிடி ஸ்விஸ் டிஎஃப் ஹப்பில் 0, 10, 20 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐட்லர் உள்ள ஹை பிவட் சைக்கிளுக்கும் அதே பாகம்

ஹை பிவட் சைக்கிளில் பின் கை சுழலும் அச்சு உயரத்தில் இருக்கும், மேல்செயின் அதன் அருகே ஐட்லர் என்ற சிறு பல்சக்கரத்தின் மேல் போகும். மேல்செயின் நீட்சியைப் பெரும்பாலும் ஐட்லர் ஏற்கெனவே தின்றுவிட்டது. கீழ்ச் செயினின் ஆட்டத்தைப் பாருங்கள்.

மிதிக்கும்போது வரும் தட்டலையும் இதில் சேர்ப்பது

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் "டொக்" என்றால் பெடல் பேரிங், கிராங்க் போல்ட், பாட்டம் பிராக்கெட். கிக்பேக் அல்ல.

மிதக்கும் ஸ்பைடரில் பெரிய எண்ணை எடுப்பது

எல்லாச் சோதனையும் முடிந்து, குற்றவாளி கிக்பேக்தான் என்று தெரிந்தால் ஓசெயின் போன்ற ஸ்பைடர் நல்ல தீர்வு. உள்ளே ஸ்பிரிங்கும் எலாஸ்டோமரும் (ரப்பர் போன்ற திண்டு) இருக்கும். உருளும்போது ரிங் முன்னால் தள்ளப்பட்டு நிற்கும், செயின் இழுத்தால் குறிப்பிட்ட கோணம் வரை கிராங்க்கைத் தொடாமல் பின்னால் போகும். 4, 6, 9, 12 டிகிரி அளவுகள் உண்டு. மிதிக்கத் தொடங்கியதும் அந்த இடைவெளி மூடிவிடும், ஆகவே வேர்களின் மேல் மிதித்துக்கொண்டே போகிறவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

இடைவெளிக்கு விலையும் உண்டு. 9 டிகிரி ஸ்பைடரும் 10 டிகிரி ஹப்பும் சேர்ந்தால் 50 பல்லில் கால் அதிகபட்சம் 24.6 டிகிரி வெறுமனே சுற்றிய பிறகுதான் சக்கரம் நகரும். பாறைப்படியில் அரைச்சுற்று அரைச்சுற்றாக ஏறுகிறவருக்கு அது கால் வாரிவிடும் தூரம். ஏற்றமும் இறக்கமும் கலந்து ஓட்டுபவர்கள் 4 அல்லது 6 டிகிரியோடு சீக்கிரம் பிடிக்கும் ஹப்பை வைத்துக்கொள்வது நல்லது. லிஃப்ட்டில் ஏறி இறங்குவது மட்டும்தான் வேலை என்றால் 9, 12 எடுக்கலாம். வாங்கும் முன் உங்கள் கிராங்க்கின் ஸ்பைடர் மவுன்ட்டும் செயின்லைனும் பொருந்துகிறதா, ரிங்குக்கும் செயின்ஸ்டேக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டிய பின் பெடலைத் தொடங்கும்போது இதுவரை இல்லாத உலோகத் தட்டல் கேட்டால் எலாஸ்டோமர் தேய்ந்திருக்கிறது, ஸ்பைடரைத் திறந்து அதை மாற்ற வேண்டும்.