சயான் நேரோஸ்: ஆற்றுக்குள் இறங்கும் முன்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சயான் தேசியப் பூங்காவில் நேரோஸ் பகுதிக்கென்று தனிப் பாதை கிடையாது. வர்ஜின் ஆற்றின் வடகிளைதான் பாதை. இருபுறமும் ஆயிரம் அடி வரை உயரும் பாறைச் சுவர், நடுவே சில இடங்களில் இருபது முப்பது அடி அகலம்தான். அதனால் கிளம்பும் நாள் காலையில் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் நீர்வரத்தைப் பாருங்கள்.

வினாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் நிர்வாகம் வழியை மூடிவிடும். அணை நீர்வரத்தை ஆயிரக்கணக்கில் கேட்டுப் பழகிய நமக்கு 150 என்பது சொற்பமாகத் தோன்றும்; அந்த இடுக்கில் அதுவே ஆளைச் சாய்த்துவிடும். முதல்முறை போகிறவர்கள் 70-க்குக் கீழ் இருக்கும் நாளில் போவது நல்லது. பெரும்பாலும் முழங்கால் அளவு, இடையிடையே தொடை வரை நீர் இருக்கும். வசந்தத்தில் மலைப்பனி உருகி ஓடுவதால் பல வாரங்கள் மூடிக் கிடப்பது வழக்கம்.

மார்ச் முதல் நவம்பர் வரை பள்ளத்தாக்குச் சாலையில் பெரும்பாலும் சொந்த வண்டிக்கு அனுமதியில்லை. இலவசப் பேருந்தில் கடைசி நிறுத்தமான டெம்பிள் ஆஃப் சினவாவாவில் இறங்க வேண்டும். குடிநீரை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர். ஆற்றுநீரைக் குடிக்கவே கூடாது. 2020-இல் இந்த ஆற்றில் நீலப்பச்சைப் பாசியின் நச்சு கண்டறியப்பட்டது. கொதிக்க வைத்தாலும் வடிகட்டினாலும் அது போகாது. தலையை முக்கிக் குளிப்பதும் வேண்டாம்.

ஜீன்ஸும் பருத்தி உடையும் நனைந்தால் கனக்கும், காயாது. சுவர்களுக்கிடையே வெயில் அதிகம் விழாததால் கோடையிலும் உடம்பு விறைத்துவிடும். விரல் மூடிய, கணுக்காலைப் பிடிக்கும் காலணி, நியோப்ரீன் (ரப்பர் போன்ற பொருள்) காலுறை, நெஞ்சளவு உயரமுள்ள தடிமனான மரக்கோல் ஆகியவற்றைப் பூங்கா வாசலில் உள்ள ஸ்பிரிங்டேல் ஊரில் வாடகைக்கு எடுக்கலாம். மலையேற்றத்துக்கான மெல்லிய உலோகக் கோல் கற்களுக்கிடையே மாட்டி வளைந்துவிடும். கைபேசியையும் மாற்றுத்துணியையும் நீர்புகாப் பையில் போடுங்கள். உள்ளே கழிப்பறை கிடையாது. கழிவுப்பை கொண்டுபோய், அதைத் திரும்ப எடுத்து வர வேண்டும்.

முதல் ஒரு மைல் தளம் போட்ட ஆற்றோரப் பாதை. அது முடியும் இடத்தில் நீரில் இறங்குகிறீர்கள். அடியில் இருப்பது மணல் அல்ல, தேங்காய் அளவு உருண்டைக் கற்கள், வழுக்கும். கோலை நீர் வரும் பக்கம் ஊன்றி, அது நிலைத்த பிறகு ஒரு காலை நகர்த்துங்கள்; அது நிலைத்த பிறகு மற்றது. பாதத்தைத் தூக்கி வைக்காமல் உரசியபடி தேடி வைப்பதே சரி. கரும்பச்சையாக அசையாமல் கிடக்கும் நீர் ஆழம். சலசலத்து நுரைக்கும் இடம் ஆழம் குறைவு. வளைவுகளில் வெளிப்பக்கம் அரித்துக் குழியாகியிருக்கும், உட்பக்கம் சரளை மேடு இருக்கும். இதைக் கவனிக்காமல் முன்னே போகிறவரையே பின்தொடர்வதால்தான் பலரும் இடுப்பளவு நீரில் சிக்குகிறார்கள்.

நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி நடக்கையில் மணிக்கு ஒரு மைல் என்று கணக்கு வையுங்கள். ஆர்டர்வில் என்ற கிளைப் பள்ளத்தாக்கு வந்து சேரும் இடம் பேருந்து நிறுத்தத்திலிருந்து சுமார் இரண்டரை மைல். மிகக் குறுகலான ‘வால் ஸ்ட்ரீட்’ அதையொட்டித்தான். ஒரு நாளுக்கு அதுவே போதும். அனுமதிச் சீட்டின்றிப் போகக்கூடிய எல்லை, ஐந்தாவது மைலில் உள்ள பிக் ஸ்பிரிங். கடைசிப் பேருந்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, பாதி நேரத்துக்கு முன்பே திரும்புங்கள்.

சுவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சாய்வான கோடுகள், பழைய பாலைவன மணல்மேடுகளைக் காற்று அடுக்கிய தடம். அதுதான் இறுகி நவஹோ மணற்பாறையானது. மழைநீர் அதற்குள் ஊறி இறங்கி, அடியிலுள்ள இறுக்கமான கயென்டா அடுக்கில் தடைபட்டுப் பக்கவாட்டில் கசிகிறது. கசிவு உள்ள இடமெல்லாம் பெரணி தொங்கும். ஈரச் சுவரில் மிளகை விடச் சிறிய கரும்புள்ளிகள் தெரிந்தால் கை வைக்காதீர்கள். உலகில் இங்கு மட்டுமே வாழும் சயான் நத்தையாக அது இருக்கலாம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் வெள்ளக் காலம். தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தாலும் பல மைல் தள்ளிப் பெய்த மழை வந்து சேரும். மண்ணில் ஊறாமல் வழுக்குப் பாறையில் வழிவதால் வேகம் அதிகம். 2015 செப்டம்பரில் இதே பூங்காவின் கீஹோல் இடுக்கில் ஏழு பேர் இப்படித்தான் இறந்தார்கள். அன்றைய முன்னறிவிப்பில் வெள்ளம் ‘சாத்தியம்’ என்று இருந்தாலே நான்கு முறை யோசியுங்கள்; ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்றால் போக வேண்டாம். உள்ளே இருக்கும்போது தெளிந்த நீர் கலங்கினாலோ, சுள்ளியும் இலையும் மிதந்து வந்தாலோ, ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து இரைச்சல் கேட்டாலோ ஓடித் தப்பப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் மேட்டில் ஏறுங்கள், சில அடி உயரம்கூட உயிரைக் காக்கும். நீர் வடியும் வரை இறங்க வேண்டாம்.