நால்வருக்கான எளிய தக்காளி பாஸ்தா

நான்கு பேருக்கு 400 கிராம் உலர்ந்த பாஸ்தாவும், அதை வேகவைக்க நான்கு லிட்டர் தண்ணீரும் போதுமானவை. தண்ணீர் நன்கு கொதித்தபின் லிட்டருக்கு ஏறக்குறைய 10 கிராம் உப்பு சேர்க்க வேண்டும். இந்த அளவு அதிகமாகத் தோன்றினாலும், பெரும்பகுதி வடிநீரோடு போய்விடும். ஒட்டாமல் இருக்கப் பலரும் எண்ணெய் ஊற்றுவார்கள். அது மேலே மிதப்பதோடு சரி. முதல் இரண்டு நிமிடங்கள் கிளறிவிடுவதே பயன் தரும்.

பாஸ்தா வேகும்போதே, அகன்ற வாணலியில் நான்கு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயைச் சூடாக்கி, மெல்லியதாக நறுக்கிய நான்கு பூண்டுப் பற்களைச் சிறு தீயில் வதக்க வேண்டும். பூண்டு கருகினால் கசப்பு முழுச் சாற்றிலும் இறங்கிவிடும் என்பதால், பொன்னிறம் எட்டிப்பார்க்கும்போதே அரை கிலோ பழுத்த தக்காளியைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து, சிறிது உப்பிட்டு, கெட்டியாகும்வரை கொதிக்கவிடுங்கள். தக்காளி புளித்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்க்கலாம்.

உறையில் குறிப்பிட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே பாஸ்தாவை வடித்துவிட வேண்டும். ஆனால் ஒரு குவளை வடிநீரை எடுத்து வைக்க மறக்காதீர்கள். அதில் கரைந்துள்ள மாவுச்சத்துதான் எண்ணெயையும் சாற்றையும் பிரியாமல் பிணைக்கிறது. பாஸ்தாவைக் குளிர்ந்த நீரில் அலசாமல் நேராக வாணலியில் சேர்த்து, வடிநீரைச் சிறிது சிறிதாக ஊற்றியபடி இரண்டு நிமிடம் புரட்டி, அடுப்பை அணைத்தபிறகே துருவிய சீஸைத் தூவுங்கள். மிகுந்த சூட்டில் அது திரண்டுவிடும். குழந்தைகளுக்கு எடுத்து வைத்தபின், பெரியவர்களின் பங்கில் மிளகுத்தூள் சேர்க்கலாம்.