வாடைக் காலம் முழுக்கக் கிடந்த பழைய எஞ்சினை எழுப்புவது எப்படி?

வாடைக் காற்று ஓய்ந்து, மாசியில் படகை இறக்கலாம் என்று வாடிக்குப் போனால், மூன்று மாதம் சும்மா கிடந்த எஞ்சின் ஒரு முனகல்கூட முனகாது. இருபது தரம் கயிறு இழுத்துத் தோள் விட்டுப்போன பிறகு, "எஞ்சின் செத்துப்போச்சு" என்று சொல்லிவிடுவோம். அவசரப்பட வேண்டாம். நான் திறந்து பார்த்த அப்படியான எஞ்சின்களில் பாதிக்கு மேல் பழைய பெற்றோலாலும் அடைபட்ட ஜெட்டாலும் (பெற்றோல் போகும் சிறு ஓட்டையுள்ள பித்தளைத் துண்டு) நின்றவைதான்.

இங்கே சொல்வது 15 குதிரைவலு, இரண்டு சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு. யாழ்ப்பாணம், மன்னார்க் கரைகளில் அதிகம் காணும் யமஹா எண்டியூரோ இந்த வகைதான். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குப் படகோடு சேர்ந்து வந்த எஞ்சினும் இதுவே, இன்னும் ஓடுகிறது.

தேவையானவை: பிளக் சாவி, 10, 12 மில்லிமீட்டர் சாவிகள், நல்ல தட்டை ஸ்க்ரூடிரைவர், ஒரு கண்ணாடிப் போத்தல், எஞ்சின் கால் முங்கும் அளவு பெரிய தண்ணீர் டிரம். வேலை செய்யும் இடத்தில் பீடி, அடுப்பு எதுவும் வேண்டாம்.

படி 1: கயிற்றைத் தொடுவதற்கு முன்

கியர் நியூட்ரலில் இருக்கிறதா? நிறுத்தும் சுவிட்சின் கிளிப் மாட்டியிருக்கிறதா? பெற்றோல் தாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? பெற்றோல் குழாயில் உள்ள கைப்பம்பின் அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கிறதா?

இப்போது கைப்பம்பை அமுக்குங்கள். அது பேசும். நாலைந்து அமுக்கில் கல்லுப்போல இறுகினால் நல்லது. இறுகவே இல்லை என்றால் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. அமுக்கிய பம்பு திரும்ப எழும்பாமல் சப்பையாகவே கிடந்தால் காற்றுத் திருகு மூடியிருக்கிறது, அல்லது தாங்கிக்குள் உறிஞ்சும் குழாய் அடைத்திருக்கிறது. எவ்வளவு அமுக்கியும் இறுகாமல், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரிலிருந்து பெற்றோல் ஒழுகினால், உள்ளே பெற்றோலை அளவோடு விடும் மிதவை ஊசி சிக்கிவிட்டது.

படி 2: பொறி

பொறி உண்டாக்கும் இரண்டு பிளக்கையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டர் என்று தெரியும்படி வையுங்கள். ஈரமாக இருந்தால் எரிபொருள் வந்து சேர்கிறது. இத்தனை இழுப்புக்குப் பிறகும் காய்ந்து கிடந்தால் வரவில்லை. தண்ணீர்த் துளி இருந்தால் சிலிண்டர் மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

பிளக்கை வயர் நுனித் தொப்பியில் மாட்டி, அதன் மரை எஞ்சினின் உலோக உடலில் நன்றாகத் தொடும்படி பிடித்துக் கயிற்றை இழுங்கள். பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் பிடிக்கக் கூடாது. உள்ளிருந்து தெறிக்கும் பெற்றோல் தீப்பிடிக்கும். நீலமாக, சத்தத்தோடு பொறி வர வேண்டும். இரண்டிலும் இல்லையா? நிறுத்தும் சுவிட்சிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். பொறி வந்துவிட்டால் பழுது அந்தச் சுவிட்சில்தான். சிடிஐ பெட்டிக்கு (பொறிக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டி) காசு கொட்ட வேண்டாம். ஒன்றில் மட்டும் இல்லையென்றால் பிளக்கை மாற்றிப் பாருங்கள். பிறகு தொப்பியைத் திருகிக் கழற்றுங்கள். உப்புக் காற்றில் வயர் நுனி பச்சை பிடித்திருக்கும். அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, செம்பு பளிச்சென்று தெரியும் நுனியில் தொப்பியைத் திரும்பத் திருகினால் போதும்.

புதுப் பிளக் வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள். என்ஜிகே பிளக்கில் கடைசியில் 10 என்று இருந்தால் இடைவெளி 1 மில்லிமீட்டர். எஞ்சின் கையேடு சொல்லும் எண்ணே வேண்டும்.

படி 3: எரிபொருளும் காபரேட்டரும்

பெரும்பாலும் வியாதி இங்கேதான். என் சின்னையா எதையும் கழற்ற முன்பு தாங்கியின் அடிப் பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வெயிலுக்கு நேரே பிடிப்பார். அடியில் ஒரு தெளிவான கோடு தெரிந்தால், கோட்டுக்குக் கீழே இருப்பது தண்ணீர். பழைய பெற்றோலின் நிறம் கறுத்து, வார்னிஷ் மணம் அடிக்கும். அதை ஓட்டப் பார்க்காதீர்கள். புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். 50க்கு 1 என்றால் 10 லீற்றர் பெற்றோலுக்கு 200 மில்லிலீற்றர் டூ ஸ்ட்ரோக் ஒயில். உங்கள் கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதுவே சரி.

காபரேட்டரைக் கழற்ற முன்பு போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். வெளியில் தெரியும் ஐடில் கலவைத் திருகை மெதுவாக உள்ளே திருகி, முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவைத்த பிறகே கழற்றுங்கள். திரும்பப் போடும்போது அந்த எண்தான் உங்களுக்கு வழி. கீழ்க் கிண்ணத்தைத் திறந்தால் மிதவை, ஊசி, நடுவில் பித்தளை ஜெட் தெரியும். ஜெட்டை வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். வட்டமான ஓட்டை முழுசாகத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை கீறினால் ஓட்டை பெருத்து அளவு மாறிவிடும். காபரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, தங்கூசி நூலில் (நைலோன் மீன்பிடி நூல்) ஒரு இழையை விட்டு எடுங்கள். அதற்கு இதைவிட நல்ல கருவி கரையில் கிடையாது.

மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கரைக்கு வரும் கடைசிச் சில நிமிடம் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டிய பிறகே நிறுத்துங்கள். கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் எடுக்காது.

படி 4: அமுக்கம்

பொறியும் எரிபொருளும் சரியாக இருந்தும் எடுக்கவில்லையென்றால் மட்டும் இது. இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை எஞ்சின் உடலோடு பிணைத்து, திராட்டிலை (வேகக் கைப்பிடி) முழுக்கத் திறந்து, அமுக்கம் அளக்கும் கேஜ் மாட்டி ஐந்து தரம் இழுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது கேஸ்கெட் போயிருக்கும். முதல் தரம் செய்கிறவர் இந்த இடத்தில் நிறுத்தி, அளவை எழுதிக்கொண்டு மெக்கானிக்கிடம் போவது நல்லது.

படி 5: ஸ்டார்ட் எடுத்த பிறகு

புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு டிரம் தண்ணீரில் ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். பின்பக்கச் சிறு துவாரத்திலிருந்து தண்ணீர் பீச்ச வேண்டும். அரை நிமிடத்தில் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். முதலில் அந்தத் துவாரத்தை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். மணலோ உப்போ அடைத்திருக்கும். அதிலும் வராவிட்டால் இம்பெல்லர், அதாவது தண்ணீரை ஏற்றும் ரப்பர் விசிறி. எஞ்சினின் கீழ்க் காலைக் கழற்றிப் பார்த்தால், அந்த ரப்பர் இதழ்கள் ஒரு பக்கமாக மடிந்து அப்படியே இறுகியிருக்கும். மலிவான சாமான், பார்த்த கையோடு மாற்றிவிடுங்கள். புதியதை உள்ளே தள்ளும்போது, மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகத் தண்டைச் சுற்றிக்கொண்டே தள்ளினால் இதழ்கள் சரியான பக்கம் மடியும். இம்பெல்லரைத் தண்டோடு பிடிக்கும் சின்ன இரும்புத் துண்டு ஒன்று இருக்கும், அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

கியர் ஒயிலையும் பாருங்கள். பால்தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போகிறது, சீல் மாற்ற வேண்டும். புது ஒயிலைக் கீழ்த் துவாரம் வழியாக ஏற்றுங்கள். மேலே வழிந்ததும் முதலில் மேல் திருகை மூடி, பிறகு கீழ்த் திருகு.

முதல் நாள் கரையோரமாக ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். துடுப்பும் நங்கூரமும், மாற்றுப் பிளக் இரண்டும், பிளக் சாவியும் படகில் இருக்கட்டும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள்.