ஊசி போடாமல் டோட்டல் ஏற்றுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூருக்கு இரும்பு புதிதல்ல. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியது இங்கே ஜிம்முக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். அது பளுதூக்குதல். ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் (படுத்து நெஞ்சிலிருந்து தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து இழுப்பது) மூன்றையும் கூட்டி டோட்டல் பார்க்கும் வலுதூக்குதலில் இறங்குகிற பையன்கள் பலர், ஸ்டீராய்டு ஊசி போடுகிறவர்களின் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டு ஊசியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். முழங்கால் வலியும் மாதக்கணக்கில் நகராத நம்பரும் அங்கிருந்துதான் ஆரம்பம்.

ஸ்டீராய்டு உள்ளே இருந்தால் தசை சீக்கிரம் தேறும். திங்கட்கிழமை நொறுக்கிய கால்களைப் புதன்கிழமை மறுபடி நொறுக்கலாம். மருந்து இல்லாத உடம்பு அந்தக் கடனை அவ்வளவு வேகமாக அடைக்காது. வாராவாரம் மேக்ஸ், அதாவது ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற உச்ச எடை, போட்டுப் பார்ப்பதுதான் இதில் முதல் தவறு. மேக்ஸ் போடுவது பலத்தை அளப்பது. பலம் ஏறுவது அதற்குக் கீழே உள்ள எடைகளில். ஸ்குவாட் மேக்ஸ் 180 கிலோ என்றால், முதல் வாரம் 135-ல் 5 ரெப் 4 செட் (ஐந்து தடவை தூக்கி இளைப்பாறி, அப்படி நான்கு சுற்று), அடுத்த வாரம் 142.5-ல் 4 ரெப், மூன்றாம் வாரம் 150-ல் 3 ரெப், நான்காம் வாரம் 110-க்கு இறக்கி 2 செட்டோடு வீட்டுக்குப் போய்விடுங்கள். எந்த செட்டிலும் இன்னும் இரண்டு ரெப் மிச்சம் இருக்க வேண்டும். பெஞ்ச் வாரம் மூன்று முறை தாங்கும். கனமான டெட்லிஃப்ட் ஒன்று போதும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், ஷிஃப்ட் முடிந்த கையோடு கனமான ஸ்குவாட்டுக்குப் போகவே கூடாது. அதை வார விடுமுறைக்கு மாற்றுங்கள்.

ஏற்றுகிற அளவிலும் சிக்கல் உண்டு. பல ஜிம்களில் 2.5 கிலோதான் கடைசி பிளேட். இரண்டு பக்கமும் போட்டால் 5 கிலோ கூடிவிடும். பெஞ்சில் அது பெரிய தாவல். சொந்தமாக ஒரு ஜோடி 1.25 வாங்கி பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், பிளேட்டுகளை நம்பாதீர்கள். மலிவான வார்ப்பு பிளேட்டில் 20 என்று இருக்கும், தராசில் 18.6 காட்டும், இன்னொன்று 21 காட்டும். ராடும் 20 கிலோதான் என்று சொல்ல முடியாது. மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு ஒருநாள் அரிசி மண்டி எலக்ட்ரானிக் தராசில் ஏற்றி, உண்மை எடையை பெயின்ட்டால் பிளேட்டிலேயே எழுதிவிடுங்கள். இது தெரியாமல் 200 அடித்தேன் என்று போட்டிக்குப் போய் முழிப்பவர்கள் நிறைய.

அடுத்தது விதி. ஸ்குவாட்டில் இடுப்பு மூட்டு இருக்கும் இடத்தில் தொடையின் மேல்பரப்பு, முழங்கால் உச்சிக்குக் கீழே இறங்க வேண்டும். மூன்று நடுவர்களில் இருவர் சிவப்பு விளக்கு போட்டால் போச்சு. போனை முழங்கால் உயரத்தில், நேர்ப் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுங்கள். கோணம் மாறினால் ஆழம் பொய் சொல்லும். பெஞ்சில் ராடு நெஞ்சில் அசையாமல் நின்ற பிறகுதான் ‘பிரஸ்’ என்று குரல் வரும். தொட்டு எகிறி ஏற்றும் 100 கிலோ, நிறுத்தி ஏற்றினால் 100 இருக்காது. டெட்லிஃப்டுக்குப் போட்டியில் ஸ்ட்ராப் (கையை ராடோடு கட்டும் பட்டை) கிடையாது. எல்லா செட்டையும் ஸ்ட்ராப் கட்டியே இழுத்தவருக்குக் கடைசி அட்டெம்ப்டில் வியர்த்த கை கழன்றுவிடும்.

சாப்பாட்டில் கணக்கு எளிது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம் புரதம். 74 கிலோவுக்கு சுமார் 120–160 கிராம். ஆறு முட்டை 36, அரை லிட்டர் பால் 16, 200 கிராம் கோழி நெஞ்சுக்கறி 45, 50 கிராம் சோயா உருண்டை 26. மீதியைப் பருப்பும் வேர்க்கடலையும் பார்த்துக்கொள்ளும். ஆம்பூர் பிரியாணி டெட்லிஃப்டுக்கு முந்தைய நாள் அரிசிக்கு நல்லது, இரண்டு பீஸை நம்பிப் புரதக் கணக்கில் எழுதாதீர்கள். வயிற்றில் கட்டு தெரிய வேண்டும் என்று சோற்றைக் குறைப்பவர் டோட்டலையும் சேர்த்தே குறைக்கிறார். கிரியேட்டின் தினம் 3–5 கிராம் எடுக்கலாம். அது ஸ்டீராய்டும் அல்ல, தடை செய்யப்பட்டதும் அல்ல.

தெரியாமல் மாட்டுவதுதான் பெரிய ஆபத்து. உடம்பு ஏற என்று கடையில் தரும் மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் இருக்கலாம். முகம் உப்பும், எடை கூடும், தசை கரையும். போட்டி நேரத்தில் அதை விழுங்கியிருந்தால் தடை. சில இருமல் சிரப்புகளில் உள்ள டெர்ப்யூட்டலின் எப்போதுமே தடைப் பட்டியலில் உள்ளது. ‘எனக்குத் தெரியாது’ என்றால் ஊக்கமருந்து விதியில் தப்பிக்க முடியாது. லேபிள் இல்லாத பவுடர், டப்பா மாற்றிக் கொடுக்கும் மாஸ் கெய்னர் (எடை ஏற்றும் பவுடர்), பெயர் சொல்லாத லேகியம் எதுவும் வேண்டாம். மருந்துச்சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் போட்டியில் கலந்துகொள்வதைச் சொல்லிவிடுங்கள்.

எடைப் பிரிவுக்காகத் தண்ணீரை நிறுத்துவது இன்னொரு முட்டாள்தனம். சர்வதேச விதிப்படி போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்புதான் எடை பார்ப்பார்கள். கத்திரி வெயிலில் மூன்று கிலோ தண்ணீரை வடித்துவிட்டு இரண்டு மணி நேரத்தில் திரும்பப் பெற முடியாது. முதல் போட்டியில் என்ன எடை இருக்கிறீர்களோ அந்தப் பிரிவிலேயே இறங்குங்கள்.

அட்டெம்ப்ட் தேர்வு (ஒவ்வொரு லிஃப்டுக்கும் மூன்று முயற்சி): முதல் எடை, தூக்கம் கெட்ட நாளிலும் மூன்று ரெப் வருவதாக இருக்கட்டும். 180 மேக்ஸ் உள்ளவர் 162.5-ல் தொடங்கி 172.5 போய், அது எப்படி நகர்ந்தது என்று பார்த்து 180 அல்லது 182.5 கேட்கலாம். ஒரு எடையை முயன்ற பிறகு அடுத்த அட்டெம்ப்டில் அதற்குக் கீழே இறங்க விடமாட்டார்கள். ஒரு லிஃப்டில் மூன்றும் தவறினால் மற்ற இரண்டும் எவ்வளவு நன்றாக வந்தாலும் டோட்டல் கிடையாது.